மாரிதா: ஒரு கோட்டைச் சுவரில் மூன்று காலங்கள்

அந்தலுஸ் என்றதும் நம் ஆக்களுக்கு நினைவில் வருவது குர்துபாவின் பள்ளிவாசல், கர்னாதாவின் அல்ஹம்ரா, இஷ்பீலியாவின் மினாரா. மேடைப் பேச்சுக்கு இந்த மூன்று ஊர்களும் போதும். தாரிக் இப்னு ஸியாத் கடலைக் கடந்தார், நாகரிகம் தொடங்கியது என்பதோடு அந்தப் பேச்சு பெரும்பாலும் முடிந்துவிடும். அதற்கு முன் அந்த மண்ணில் என்ன இருந்தது, வந்தவர்கள் அதை என்ன செய்தார்கள் என்று நாம் கேட்பது குறைவு. மறுபுறத்தில், ஐரோப்பாவில் நீண்ட காலமாக எழுதப்பட்ட வரலாறுகள் பலவும் உரோமரோடு விளக்கு அணைந்துவிட்டது, பின்னால் வந்தவர்கள் இருந்ததையும் இடித்துப் போட்டார்கள் என்ற தோரணையில் அமைந்தன.

இந்த இரண்டு கதைகளையும் ஒரே இடத்தில் வைத்துச் சரிபார்க்க உதவும் ஓர் ஊர் ஸ்பெயினின் தென்மேற்கில், குவாதியானா ஆற்றங்கரையில் இருக்கிறது. இன்றைய பெயர் மெரிதா. அரபு நூல்களில் மாரிதா. அங்குள்ள கோட்டைச் சுவரின் கற்களை வெட்டியவர்கள் உரோமர். கோட்டைக்குள் இருக்கும் நீர்நிலையின் வாசல் அலங்காரத்தைச் செதுக்கியவர்கள் விசிகோத் காலத்துக் கிறிஸ்தவர்கள். இவற்றையெல்லாம் எடுத்துக் கோட்டையாக அடுக்கியவர்கள் முஸ்லிம்கள். அப்படியானால் இந்தச் சுவர் யாருடைய மரபுரிமை?

ஓய்வுபெற்ற படைவீரர்களின் ஊர்

கி.மு. 25 இல், பேரரசர் ஒகஸ்டஸின் ஆணைப்படி இந்நகரம் நிறுவப்பட்டது. ஸ்பெயினின் வடக்கே கந்தாப்ரிய மலைவாசிகளோடு நடந்த போரில் ஈடுபட்டு ஓய்வுபெற்ற ஐந்தாம், பத்தாம் படையணி வீரர்களுக்கு நிலம் கொடுத்து இங்கே குடியேற்றினார்கள். சேவையை முடித்துக் கௌரவமாக விலகிய வீரனை இலத்தீனில் ‘எமெரிதுஸ்’ என்பார்கள். ஓய்வுபெற்ற பேராசிரியர் பெயரோடு நம் பல்கலைக்கழகங்கள் இன்றும் சேர்க்கும் ‘எமரிட்டஸ்’ அதே சொல்தான். அந்த வீரர்களின் ஊர் ‘எமெரிதா ஒகஸ்தா’ ஆயிற்று. பின்னர் அது லூசித்தானியா மாகாணத்தின் தலைநகராக உயர்ந்தது.

தலைநகருக்கு வேண்டியதெல்லாம் வந்து சேர்ந்தன. ஒகஸ்டஸின் மருமகன் அக்ரிப்பாவின் பெயர் பொறித்த அரங்கு கி.மு. 16-15 காலத்தது, ஏறத்தாழ 6,000 பேர் அமரலாம். அதன் பக்கத்திலேயே வாள்வீரர்கள் மோதும் வட்டரங்கு. நகரின் ஓரத்தில் தேரோட்டக் களம். ஆற்றின் குறுக்கே 60 வளைவுகளோடு ஏறத்தாழ 790 மீற்றர் நீளமான கருங்கல் பாலம். 1991 இல் புதிய பாலம் திறக்கப்படும் வரை வாகனங்கள் ஓடியது இந்தப் பழைய பாலத்தின் மேல்தான்; இப்போது அது நடந்து போகிறவர்களுக்கு மட்டும்.

ஆனால் அதைச் சும்மா ‘உரோமப் பாலம்’ என்று சொல்லி விட்டுவிட முடியாது. கி.பி. 483 இல் விசிகோத் ஆட்சியின்போது, பழுதடைந்து கிடந்த பாலம் திருத்தப்பட்ட செய்தியைக் கல்வெட்டு வாசகம் ஒன்று சொல்கிறது. முஸ்லிம்கள் கோட்டை கட்டியதும் இந்தப் பாலத்தின் வாயிலைக் காக்கத்தான். கட்டியவர் ஒருவராக இருக்கலாம். அதை நிற்க வைத்தவர்கள் பலர்.

தண்ணீர் தந்த பாடம்

நகருக்கு வடக்கே புரொசெர்பீனா என்று பெயர் வழங்கும் பழைய அணைக்கட்டு இருக்கிறது. அதன் தண்ணீர் நகருக்கு வர ஒரு பள்ளத்தைக் கடக்க வேண்டியிருந்தது. அதற்காக உயர்ந்த தூண்களை எழுப்பி, அவற்றின் தலையில் வாய்க்கால் ஓட விட்டார்கள். ‘அற்புதங்கள்’ என்று பொருள்படும் ‘லோஸ் மிலாக்ரோஸ்’ என்பது ஊரார் அதற்கு வைத்த பெயர். ஏறத்தாழ 25 மீற்றர் உயரத் தூண்கள். கருங்கல் சில வரி, செங்கல் சில வரி என்று மாறி மாறி அடுக்கியிருப்பதால் அவை சாம்பலும் சிவப்புமாகப் பட்டை போட்டது போலத் தோன்றும். தூண்கள் சரிந்துவிடாமல் இருக்க நடுநடுவே வளைவுகள், ஒன்றின் மேல் ஒன்றாக.

இதைப் பார்த்ததும் குர்துபாப் பள்ளிவாசலின் உட்புறம் நினைவுக்கு வரும். முதலாம் அப்துர் ரஹ்மான் 8ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் அதைக் கட்டத் தொடங்கியபோது, பழைய உரோம, விசிகோத் கட்டடங்களின் தூண்களையே பயன்படுத்தினார்கள். அவை கட்டையானவை, அவற்றின் மேல் நேராகக் கூரை போட்டால் அவ்வளவு பெரிய மண்டபம் தாழ்ந்து இருண்டுவிடும். ஆகவே தூணுக்கு மேல் இன்னொரு தூண் எழுப்பி, கீழே ஒரு வளைவால் தூண்களை இழுத்துப் பிடித்து, மேலே இன்னொரு வளைவால் கூரையைத் தாங்கினார்கள். வளைவுகளில் செங்கல்லும் வெள்ளைக் கல்லும் மாறி மாறி வந்தன. இந்த யோசனைக்கு மாரிதாவின் நீர்த்தூண்களே முன்மாதிரி என்று கருதும் ஆய்வாளர்கள் உளர். அது நம் கலைக்குக் குறைவு என்று நினைக்க வேண்டியதில்லை. தண்ணீர் சுமந்த அமைப்பைத் தொழும் மண்டபத்துக்குள் கொண்டுவந்து, தூண்காடு போன்ற ஒரு புதிய அழகை உண்டாக்கியதில்தான் அந்தக் கட்டடக்காரரின் கெட்டித்தனம் இருக்கிறது.

பெருநாளில் திறந்த வாசல்

மூஸா இப்னு நுஸைரின் படை மாரிதாவை நீண்ட நாள் முற்றுகையிட்டது. உரோமர் கட்டிய மதில் லேசில் விடவில்லை. கடைசியில் நகரத்தார் உடன்படிக்கைக்கு வந்தார்கள். ஹிஜ்ரி 94 ஷவ்வால் பிறை 1, நோன்புப் பெருநாள் அன்று (கி.பி. 713 ஜூன் 30) நகரின் கதவு திறந்தது.

அதையொட்டிப் பழைய அரபு வரலாறுகளில் ஒரு சுவையான கதை வரும். பேச்சுவார்த்தைக்கு வந்த தூதர்கள் முதல் நாள் மூஸாவை நரைத்த தாடியோடு கண்டார்கள். அடுத்த முறை வந்தபோது மருதாணியில் தாடி சிவந்திருந்தது. பெருநாளன்று வந்து பார்த்தால் கறுப்பு! நினைத்தபோது இளமையாகும் மனிதரோடு சண்டை பிடித்து வெல்ல முடியாது என்று ஊருக்குப் போய்ச் சொன்னார்களாம். நடந்ததோ இல்லையோ, மாரிதாவை வென்றதை அந்த எழுத்தாளர்கள் எவ்வளவு பெரிய காரியமாக நினைத்தார்கள் என்பதற்கு இக்கதை சாட்சி.

இன்னொரு செய்தி ஆராய்ச்சிக்காரருக்கு மேலும் முக்கியமானது. 9ஆம் நூற்றாண்டில் அமீர் முஹம்மதின் அமைச்சராக இருந்த ஹாஷிம் இப்னு அப்துல் அஸீஸுக்குச் சலவைக்கல் மீது தீராத ஆசை. மாரிதாவின் பொறுப்பு கிடைத்தபோது அங்கிருந்து நல்ல கற்களைத் தேடி எடுத்தார். ஒருநாள் மதிலில் பளபளவென்று ஒரு பலகைக்கல். கழற்றிப் பார்த்தால் அதில் அன்னிய எழுத்து. வாசிக்கத் தெரிந்தவரைத் தேடி, கடைசியில் ஒரு முதிய கிறிஸ்தவத் துறவியைப் பிடித்தார்கள். மதிலில் இத்தனை முழம் கட்டியது பற்றி ஈலியா, அதாவது ஜெரூசலம் மக்கள் பெயரில் எழுதிய சான்று அது என்று அவர் சொன்னாராம். அல்ஹிம்யரியின் புவியியல் அகராதியில் இது பதிவாகியிருக்கிறது.

துறவி சரியாகத்தான் வாசித்தாரா என்பது வேறு விஷயம். கல்லை எடுக்கப் போனவர் எழுத்தைக் கண்டதும் நின்றார், வாசிக்க ஆள் தேடினார் என்பதுதான் கவனிக்க வேண்டியது. அதே ஹாஷிம் கற்களைக் கழற்றிக் கொண்டுபோனவர் என்பதையும் மறைக்கத் தேவையில்லை. ஆசையும் வியப்பும் அழிவும் ஒரே மனிதரிடம் சேர்ந்தே இருந்தன.

‘கீழ்ப்படிந்தோருக்கு அடைக்கலம்’

மாரிதா அடங்கிக் கிடந்த ஊர் அல்ல. 828 இல் குர்துபாவின் ஆளுநர் மர்வான் அல்ஜில்லீக்கி அங்கே கொல்லப்பட்டார். கலகத்தின் முன்னணியில் நின்றவர்களில் மஹ்மூத் இப்னு அப்துல் ஜப்பார் பர்பர் இனத்தவர். சுலைமான் இப்னு மார்த்தீன் இஸ்லாத்தைத் தழுவிய உள்ளூர்க் குடும்பத்தவர். அதாவது முஸ்லிம் அமீருக்கு எதிராக எழுந்தவர்களும் முஸ்லிம்களே. அக்காலத்து அந்தலுஸை ‘முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும்’ என்று இரண்டு கட்சியாகப் பிரித்துப் படிப்பவர்களுக்கு மாரிதா ஒத்துவராது.

நகரை அடக்கிய பின் இரண்டாம் அப்துர் ரஹ்மான் ஆற்றோரத்தில் கோட்டையை எழுப்பினார். வாசலில் வைத்த சலவைக்கல் பலகையில் தேதி தெளிவாக இருக்கிறது: ஹிஜ்ரி 220, ரபீஉல் ஆகிர், அதாவது கி.பி. 835. கீழ்ப்படிந்தோருக்கு அடைக்கலமாக இக்கோட்டையைக் கட்டும்படி அமீர் ஆணையிட்டார் என்கிறது வாசகம். கீழ்ப்படியாதோர் கோட்டைக்கு வெளியே, அதே ஊரில்தான் இருந்தார்கள் என்பதை வாசிப்பவர் புரிந்துகொள்ளலாம். ஐபீரியத் தீபகற்பத்தில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய முஸ்லிம் கோட்டைகளில் இது முதன்மையானது. பக்கத்துக்குப் பக்கம் சுமார் 130 மீற்றர். சுவரின் பெருங்கற்கள் எல்லாம் உரோமக் கட்டடங்களிலிருந்து வந்தவை.

உள்ளே இருக்கும் நீர்நிலை இன்னும் அருமையானது. படிச்சரிவில் இறங்கி ஆற்று மட்டத்துக்குப் போனால் தெளிந்த தண்ணீர். பக்கத்து ஆற்றிலிருந்து மண்ணூடாகக் கசிந்து வடிகட்டப்பட்டு வருவதால், முற்றுகையிடுபவர் அதைத் தடுப்பது எளிதல்ல. இறங்கும் வழியில் நிலைக்கால்களாக நிற்பவை விசிகோத் காலத்துச் சலவைக்கல் சட்டங்கள். கிறிஸ்தவக் கட்டடங்களுக்காகச் செதுக்கப்பட்டவை. அந்த அலங்காரத்தைக் கொத்தி அழிக்காமல், பார்வைக்குத் தெரியும்படி நிறுத்தியிருக்கிறார்கள். மேலே தொழுமிடம் ஒன்று இருந்தது.

868 இல் மீண்டும் கலகம். அமீர் முஹம்மது நகர மதிலை இடித்துத் தள்ளினார். கோட்டையை மட்டும் விட்டார். முன்பு கொல்லப்பட்ட ஆளுநரின் மகன் இப்னு மர்வான் தன் ஆட்களோடு நீங்கிப்போய், பின்னர் பத்லியூஸ் நகரை நிறுவினார். இன்றைய பதஹோஸ் அதுதான். மாரிதாவின் பெருமை அத்தோடு மங்கியது. உரோம மதிலுக்கு முடிவு கட்டியது மத வெறுப்பல்ல, வரி கட்டாத ஊர்மீது அரசுக்கு வந்த கோபம்.

ஏழு நாற்காலிகள்

1230 இல் லியோன் அரசர் ஒன்பதாம் அல்போன்சோ நகரைக் கைப்பற்றினார். கோட்டையின் ஒரு மூலையில் சந்தியாகோ மறப்படையினர் மடம் கட்டினார்கள். இன்று அது எஸ்த்ரமதுரா மாநில அரசுத் தலைவரின் அலுவலகம். காலப்போக்கில் உரோம அரங்கை மண் மூடியது. பார்வையாளர் வரிசையின் உச்சியில் இருந்த ஏழு பாறைத் துண்டுகள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ‘ஏழு நாற்காலிகள்’ என்று ஊரார் அவற்றை அழைத்தார்கள். ஏழு முஸ்லிம் அரசர்கள் அவற்றில் அமர்ந்து நகரின் தலைவிதியைத் தீர்மானித்தார்கள் என்பது அவர்களின் கதை.

1910 இல் ஹோசே ரமோன் மெலீதா அங்கே அகழத் தொடங்கிய பின் நாற்காலிகளுக்குக் கீழே முழு அரங்கும் வெளிப்பட்டது. 1933 முதல் அங்கே நாடக விழா நடக்கிறது. முதலில் அரங்கேறியது குர்துபாவில் பிறந்த உரோம அறிஞர் செனெக்காவின் ‘மெதேயா’. அகழ்வு கதையைப் பொய்யாக்கியது உண்மைதான். ஆனாலும் யாரென்று தெரியாத பழமை எதையும் முஸ்லிம்களோடு சேர்த்துப் பார்க்கும் வழக்கம் அந்த மக்களிடம் எவ்வளவு காலம் இருந்தது என்பதற்கு அக்கதையும் ஓர் ஆதாரம்தான்.

சொற்களின் அகழ்வு

மண்ணைத் தோண்டாமலே கிடைக்கும் சான்றுகளும் உண்டு. எமெரிதா, மாரிதா, மெரிதா: இலத்தீன் பெயர் அரபு நாவில் தேய்ந்து ஸ்பானியத்துக்கு வந்திருக்கிறது. ஆற்றின் உரோமப் பெயர் அனாஸ். அரபுகள் அதற்கு முன்னால் ‘வாதி’யைச் சேர்த்து ‘வாதி ஆனா’ என்றார்கள். அதுவே குவாதியானா. கோட்டைக்கு ‘அல்கஸாபா’ என்று பெயர், அரபு ‘அல்கஸபா’. நீர்நிலைக்கு ‘அல்ஹிபே’, கிணற்றைக் குறிக்கும் ‘அல்ஜுப்பு’. வெளியேற்றப்பட்டவர்களின் சொல்லை வெளியேற்ற யாராலும் முடியவில்லை.

எடுத்தாண்டது அழிவா, காப்பா?

தியானா கோயில் என்று தவறாக அழைக்கப்படும் உரோமக் கோயிலின் தூண்கள் இன்றும் நிற்கின்றன. காரணம், 16ஆம் நூற்றாண்டில் ஒரு பிரபு அவற்றுக்குள்ளேயே மாளிகை கட்டிக் குடியிருந்ததுதான். கோட்டைச் சுவரில் ஏறிய கற்களின் கதையும் அதுவே. அவை முன்பிருந்த கட்டடங்கள் இல்லாமல் போய்விட்டன, கற்கள் மிஞ்சின.

1993 இல் யுனெஸ்கோ மெரிதாவின் தொல்லியல் தொகுதியை உலக மரபுரிமையாக அறிவித்தது. இன்று அங்கே அத்திவாரம் வெட்டுமுன் நிலத்தை அகழ்ந்து பார்க்க வேண்டும். ஆற்றோரத்தில் மொரெரீயா என்னும் பகுதியில் அப்படித் தோண்டியபோது உரோம வீதியும் வீடுகளும் மதிலும் வெளிப்பட்டன. அவற்றின் மேல் அமீர்கள் காலத்துக் கட்டடங்களும் வந்தன. மொரெரீயா என்றால் முஸ்லிம்களின் குடியிருப்பு. 1230 இன் பின்னும் அங்கே வாழ்ந்தவர்களின் நினைவு அந்தப் பெயரில் தங்கியிருக்கிறது. அந்த இடத்தில் அரசாங்க அலுவலகத்தைத் தூண்களின் மேல் உயர்த்திக் கட்டி, அடியில் எல்லாக் காலத்துச் சுவர்களையும் அப்படியே விட்டிருக்கிறார்கள்.

ஒரு காலத்தைக் காட்ட இன்னொரு காலத்தைச் சுரண்டி எறியாத அந்த முறையைத்தான் நம் அந்தலுஸ் எழுத்துகளும் கைக்கொள்ள வேண்டும். மாரிதாவின் முஸ்லிம்கள் வெறும் நிலத்தில் வந்து இறங்கியவர்கள் அல்லர். வெறும் நிலத்தை விட்டுச் சென்றவர்களும் அல்லர்.