பட்டம் இல்லாமல் வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்கலாமா?

வெளிநாடு போய் ஆங்கிலம் கற்பிக்க ஆசை, கையில் பட்டம் இல்லை என்பவர்கள் முதலில் புரட்டுவது வேலை விளம்பரங்களைத்தான். முதலில் படிக்க வேண்டியது அந்தந்த நாட்டின் விசா விதியை. பட்டம் வேண்டும் என்ற நிபந்தனை பல நாடுகளில் குடிவரவுத் துறையிலிருந்து வருகிறது. தென்கொரியாவைப் பாருங்கள். அங்கே ஆங்கிலம் கற்பிக்க ஈ-2 விசா பெறுபவர் பொதுவாக அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய 7 நாடுகளில் ஒன்றின் குடிமகனாக இருக்க வேண்டும். இளங்கலைப் பட்டமும் வேண்டும். எந்தப் பாடத்தில் என்று யாரும் கேட்பதில்லை. வேதியியல் படித்திருந்தாலும் போதும். அதே கொரியா 2008இல் தொடங்கிய ‘டாக்’ என்ற அரசுத் திட்டத்தில், பல்கலைக்கழகத்தில் 2 ஆண்டு முடித்தவர்களையே கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளுக்கு அனுப்பியது. பட்டம் முடிக்காதவரால் குழந்தைகளுக்குச் சொல்லித்தர முடியாது என்று அந்த அரசே நினைக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அப்படியானால் தேடலைப் பள்ளியின் பெயரிலிருந்து தொடங்காமல் விதியின் இடைவெளியிலிருந்து தொடங்கலாம். ஜப்பானில் பட்டம் இல்லாதவர் மொழி ஆசிரியராக வேலை விசா கேட்டால் 3 ஆண்டு அனுபவம் காட்ட வேண்டும். முதல் வேலை தேடுபவரிடம் அது ஏது? ஆனால், ஊர் சுற்றிக்கொண்டே வேலையும் பார்க்க ஜப்பான் இளைஞர்களுக்குத் தரும் ‘வொர்க்கிங் ஹாலிடே’ விசாவுக்குப் பட்டம் தேவையில்லை. 1980இல் ஆஸ்திரேலியாவுடன் தொடங்கிய ஏற்பாடு அது; பிரிட்டன், கனடா நாட்டவருக்கும் உண்டு, அமெரிக்கருக்கு இல்லை. செக் குடியரசில் சுயதொழில் உரிமம் எடுத்து மொழி வகுப்பு நடத்தப் பட்டம் வேண்டியதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர் அதற்குரிய விசா பெற வேண்டும், காப்பீட்டையும் தானே கட்ட வேண்டும். கம்போடியாவில் தனியார் பள்ளிகள் பட்டம் இல்லாதவர்களையும் நெடுநாளாக எடுத்து வருகின்றன; பணி அனுமதி மட்டும் கட்டாயம்.

“தகுதியில்லாதவர்களைக் குழந்தைகள் முன் நிறுத்தலாமா?” என்ற எதிர்ப்பு நியாயமானது, அதை லேசாகத் தள்ளிவிடக் கூடாது. சரளமாகப் பேசத் தெரிவது வேறு, ஒரு வினைச்சொல்லின் காலத்தை 12 வயதுப் பிள்ளைக்குப் புரியவைப்பது வேறு. ஆனால் அந்தக் குறையை வேதியியல் பட்டமும் தீர்க்காது. வகுப்பறைப் பயிற்சிதான் தீர்க்கும். கேம்பிரிட்ஜின் செல்டா சான்றிதழ் குறைந்தது 120 மணி நேரப் படிப்பு. அதில் 6 மணி நேரம் உண்மையான மாணவர்கள் முன் நின்று கற்பிக்க வேண்டும், பயிற்றுநர் உடனிருந்து மதிப்பிடுவார். சேரப் பட்டம் தேவையில்லை. உயர்கல்விக்குச் செல்லும் அளவுக்குப் படித்திருந்தால் போதும், ஆங்கிலத்தில் உயர்ந்த தேர்ச்சி வேண்டும். ஒரு மாணவனைக்கூடப் பார்க்காமல் இணையத்திலேயே முடித்துவிடும் மலிவான ‘120 மணி நேர’ச் சான்றிதழ்களும் அதே எண்ணைப் போட்டுக்கொண்டு விற்பனையாகின்றன. பணம் கட்டுமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: நேரடி வகுப்பு எடுக்கவைப்பார்களா?

“சுற்றுலா விசாவில் போய்ச் சேர்ந்துவிட்டால் பள்ளி மற்றதைப் பார்த்துக்கொள்ளும், எத்தனையோ பேர் அப்படிப் போயிருக்கிறார்கள்” என்பது அடுத்த வாதம். போயிருக்கிறார்கள்தான். ஆனால் பணி அனுமதி இல்லாதவருக்குச் சம்பளம் நின்றுபோனால் புகார் கொடுக்கப் போகும் இடத்தில் அவரே குற்றவாளி. அது தெரிந்த முதலாளிக்கு ஒப்பந்தத்தை மதிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆசிரியர் வேலையாக இல்லாவிட்டாலும், இதே வழியின் கொடுமையைத் தமிழ்நாடு 2022இல் பார்த்தது. தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போனவர்கள் மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கி, மீட்டுவரப்பட்டார்கள்.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு வழி இன்னும் குறுகலானது. கொரியாவின் 7 நாடுகளில் இந்தியா இல்லை. 2010இல் நடைமுறைக்கு வந்த இந்தியா–கொரியா ஒப்பந்தம் இந்திய ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒரு கதவைத் திறந்தது. அதற்கும் பட்டமும் ஆசிரியர் தகுதியும் வேண்டும். ஜப்பானின் வொர்க்கிங் ஹாலிடே பட்டியலிலும் இந்தியா இல்லை. எனவே பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவரிடம் கொரியாவில் ஆசிரியர் வேலை உறுதி என்று ஒரு ஏஜென்ட் சொன்னால், எந்த விசாப் பிரிவு, பணி அனுமதியை யார் எடுப்பார்கள் என்பதை எழுத்தில் கேட்க வேண்டும். அந்தத் தாள் கைக்கு வரும்வரை முன்பணமும் கொடுக்கக் கூடாது, டிக்கெட்டும் எடுக்கக் கூடாது.