வன்னிக் கமம்: மேட்டுக்காணியின் முயற்சியாளர்

குளத்து நீரையும் நெற்செய்கையையும் பற்றிச் சென்ற வாரம் எழுதினேன். இவ்வாரம் குளத்து நீர் எட்டாத மேட்டுக்காணிகளுக்கு வருகிறேன். ஏ9 வீதியில் வவுனியாவிலிருந்து வடக்கே புளியங்குளத்தைக் கடந்தால் வரும் கனகராயன்குளத்தில், சோற்றுக்கு நெல்லை விதைக்கும் கமக்காரர், கைக்காசுக்கு நம்பியிருப்பது வடகீழ்ப் பருவமழையோடு மேட்டில் விதைக்கும் உழுந்தையும் கச்சானையும் பயறையுமே. கடன்பட்டு உழுது, ஐப்பசி, கார்த்திகையில் விதைத்து, தையில் நெற்று முற்றி நிற்கும் வேளையில் மழை விடாது பெய்து மணி பூஞ்சணம் பிடித்துப்போனால் அத்தனை நஷ்டத்தையும் தாமே சுமக்கத் துணிகிற ஒருவரை முயற்சியாளர் என்று அழைக்க நாம் தயங்குவது பெரிய அநீதி.

துணிவும் பிரயாசையும் வன்னிக்குப் புதியன அல்ல. 1970இல் பதவியேற்ற சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கம் செத்தல் மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது, விசுவமடு, முத்தையன்கட்டு வாலிபர் திட்டங்களில் காணி பெற்றிருந்த, உத்தியோகம் கிட்டாத படித்த இளைஞர்கள், மிளகாய்ச் செய்கையால் நிமிர்ந்து நின்றார்கள். 1977இல் ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் அரசாங்கம் இறக்குமதிக்கு வாசலைத் திறந்துவிட, விலை சரிந்தது. பின்னர் யுத்தம் அந்தக் காணிகளையே வெறுமையாக்கியது. 2020இல் அந்நியச் செலாவணி நெருக்கடியால் உழுந்தும் பயறும் மஞ்சளும் இறக்குமதித் தடைக்குள் வந்தபோது உழுந்தின் விலை வேகமாக ஏறியது. ஆனால் மறு ஆண்டு மே மாதத்திலேயே இரசாயன உரத்துக்கும் கிருமிநாசினிக்கும் தடை விழுந்தது. உழைப்பவர் வன்னியில் இருக்க, அவருடைய லாபநஷ்டத்தைத் தீர்மானித்தது கொழும்பில் அச்சாகும் வர்த்தமானி.

வர்த்தமானியை மாற்றும் சக்தி ஒரு கமக்காரருக்கு இல்லை. விளைந்ததை எப்பொழுது, எந்த ரூபத்தில் விற்பது என்பதாவது அவர் கையில் இருக்கலாம். அதுவும் இன்று இல்லை. உழவு இயந்திரக் கூலியும் அடைவு வைத்த நகையும் நெருக்க, ஈரம் உலருமுன்னே, ஊரெல்லாம் விற்கிற அதே வாரத்தில், களத்தடிக்கு லொறியோடு வரும் தரகர் சொன்ன விலைக்கு உழுந்து மூடைகளைக் கமக்காரர் ஏற்றிவிடுகிறார். அவ்வுழுந்து பின்னர் கோது நீக்கிய பருப்பாகவும் வறுத்த உழுத்தம்மாவாகவும் அவருடைய ஊர்க் கடைக்கே அதிக விலையில் திரும்பி வருகிறது.

இதற்கு மாறாக, ஏ9 வீதியில் மாங்குளத்துக்கும் அப்பால், முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் கச்சானை வறுத்துச் சரைகளில் விற்கும் பெண்களைப் பாருங்கள். வழிபட நிற்கும் ஒவ்வொரு வாகனமும் அவர்களுக்குச் சந்தை. வறுப்பதும் அளப்பதும் விலை சொல்வதும் அவர்களே. மூடையாக விற்றவருக்குக் கிடைக்காத ஊதியம் அந்த அடுப்படியில் பிறக்கிறது.

யுத்தம் முடிந்த பிறகு வன்னியில் முயற்சியாண்மைப் பயிற்சிகள் ஏராளமாக நடந்தன. அவற்றை நான் அற்பமாக எண்ணவில்லை. ஆயினும் கனகராயன்குளத்துக் கமக்காரருக்கு முதன்மையாக வேண்டியது, விளைந்ததை உடனே விற்காமல் மூன்று மாதம் பொறுத்திருக்கும் சக்தி என்பதே என் திடமான அபிப்பிராயம். மழையிலும் மணி உலர்த்தக் கூரையிட்ட தளம், வண்டு அரிக்காத காற்றுப்புகாப் பைகளோடு ஒரு களஞ்சியம், அங்கே வைத்த மூடைகளை ஈடாகக் கொண்டு அன்றே கொடுக்கப்படும் கடன் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் அமைய வேண்டும். இதை நடத்தத் தகுந்தது பலநோக்குக் கூட்டுறவுச் சங்கமே என்று ஏன் கருதுகிறேன் என்பதை அடுத்த வாரம் எழுதுகிறேன்.