படம் எப்போது வர வேண்டும்?

காட்டைப் பார்க்கும் கண்கள் – 8

தானியங்கி கேமராவை எந்த மரத்தில், எந்த உயரத்தில் கட்டுவது என்பதுவரை சென்ற வாரம் பார்த்தோம். கட்டியாயிற்று. உடல்வெப்பமும் அசைவும் சென்சாரில் பட்டதும் அது படமெடுத்துத் தள்ளுகிறது. அந்தப் படங்களைக் கைக்குக் கொண்டுவர இன்று முக்கியமாக மூன்று வழிகள் உண்டு. ஒன்று, நேரில் போய் மெமரி கார்டைக் கழற்றிவிட்டு வேறொன்றைச் செருகிவிட்டு வருவது. இரண்டு, கேமராவின் பக்கத்தில் நின்றுகொண்டு வைஃபை, ப்ளூடூத் வழியாகச் செல்பேசியில் இறக்கிக்கொள்வது. மூன்று, கேமராவுக்குள்ளேயே சிம் கார்டைப் போட்டு, எடுத்த படத்தை அதுவே அனுப்பிவிடச் செய்வது. விற்பவரைக் கேட்டால் மூன்றாவதுதான் மேல் என்பார். வேகமும் வசதியும் அதில்தானே. ஆனால், வேகத்தை வைத்து வழியைத் தேர்ந்தெடுப்பது தலைகீழ்க் கணக்கு. அந்தப் படத்தைப் பார்த்து யார், என்ன முடிவெடுக்கப் போகிறார், அதை எவ்வளவு நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும் என்பதற்கு விடை தெரிந்தால், வழி தானே தெரிந்துவிடும்.

புலிக் கணக்கெடுப்பை எடுத்துக்கொள்வோம். ஒரே புலியின் வலப்பக்க வரிகளும் இடப்பக்க வரிகளும் ஒத்திருப்பதில்லை. அதனால் தடத்தின் இருபுறமும் எதிரெதிராக இரண்டு கேமராக்களைக் கட்டுகிறார்கள். 2022 அகில இந்தியக் கணக்கெடுப்பில் 32,588 இடங்களில் கேமராக்கள் வைக்கப்பட்டு 4,70,81,881 படங்கள் சேர்ந்தன. புலி விழுந்தவை 97,399. அவற்றிலிருந்து 3,080 புலிகள் தனித்தனியே அடையாளம் காணப்பட்டன. இந்த வேலையில் ஒரு படம் இன்று வந்தாலும் இருபது நாள் கழித்து வந்தாலும் விடை மாறப்போவதில்லை. படத்தின் தெளிவு குறைந்தால் மாறிவிடும். சிம் வைத்த கேமராக்கள் பொதுவாக அனுப்புவது சுருக்கப்பட்ட சிறு படத்தைத்தான். முழுப் படம் கார்டிலேயே தங்கிவிடுகிறது. புலி வந்தது என்று சொல்ல அந்தச் சிறு படம் போதும், எந்தப் புலி என்று சொல்லப் போதாமல் போகலாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் பள்ளத்தாக்குகளில் டவர் எட்டாத இடங்களும் ஏராளம். ஆகவே, பழைய முறை என்று ஒதுக்கப்படும் கார்டுதான் இங்கே சரியான முறை.

கார்டு எளிது என்பதாலேயே அதில் அலட்சியமும் எளிதில் நுழைந்துவிடுகிறது. பல கேமராக்கள் தம் படங்களுக்கு முதல் எண்ணிலிருந்தே பெயர் வைக்கின்றன. இரண்டு கார்டுகளை ஒரே ஃபோல்டரில் கொட்டினால், ஒரே பெயருள்ள படங்களில் ஒன்று மற்றொன்றை அழித்துவிடக்கூடும். கேமரா இருந்த இடம், கேமரா எண், கார்டு எடுத்த தேதி ஆகிய மூன்றும் ஃபோல்டரின் பெயரிலேயே இருந்தால் இந்த ஆபத்து இல்லை. பேட்டரி தீர்ந்து மாற்றும்போது சில கேமராக்களின் கடிகாரம் ஆரம்பத் தேதிக்கே திரும்பிவிடும். அதைக் கவனிக்காவிட்டால் பிறகு வரும் படங்கள் எல்லாம் எப்போது எடுத்தவை என்றே தெரியாது. படங்களை இரண்டு இடங்களில் நகலெடுத்துச் சரிபார்த்த பிறகே கார்டை அழிக்க வேண்டும். அழிப்பதையும் லேப்டாப்பில் செய்யாமல் கேமராவிலேயே ஃபார்மேட் செய்வது நல்லது.

ஆனால், நிமிடங்களில் முடிவெடுக்க வேண்டிய இடங்கள் இருக்கின்றன. கோவை மதுக்கரை வனச்சரகத்தில் காட்டை ஊடறுத்துச் செல்லும் ரயில் பாதைகளையொட்டி 2024 பிப்ரவரியில் தமிழக வனத்துறை 12 கோபுரங்களில் கேமராக்களை நிறுவியது. யானை பாதையை நெருங்கினால் கட்டுப்பாட்டு அறைக்கு எச்சரிக்கை போகிறது. ரயில் கடந்த பிறகு வரும் யானைப் படம் சாட்சியாகத்தான் பயன்படும். மத்தியப் பிரதேசத்தின் கன்ஹா–பெஞ்ச் வழித்தடத்தில் சோதிக்கப்பட்ட ட்ரெயில்கார்டு (TrailGuard) கேமரா, படத்தைத் தனக்குள்ளேயே ஆராய்ந்து, புலி போன்ற இலக்கு என்று தெரிந்ததை மட்டும் சுமார் அரை நிமிடத்தில் அனுப்புகிறது. ஊர் ஓரத்தில் புலி நடமாட்டம் இருந்தால் மக்களை எச்சரிக்க இந்த வேகம் வேண்டும். வேண்டாத படங்களை அனுப்பாததால் பேட்டரியும் மிச்சம்.

மற்ற இடங்களில் கார்டே போதும் என்பதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. யானை கேமராவை மிதித்துவிட்டால், யாராவது திருடிக்கொண்டு போனால், கார்டோடு எல்லாப் படங்களும் போய்விடுமே; எல்லா இடத்திலும் சிம் கேமராவே வைத்தால் என்ன? திருட்டு அதிகமுள்ள, டவர் கிடைக்கும் காட்டோரங்களில் அப்படிச் செய்வதே சரி. மற்ற இடங்களில் கார்டை அடிக்கடி எடுப்பதே இழப்பைக் குறைக்கும். இனி ஆள் போகவே தேவையில்லை என்ற நம்பிக்கைதான் தவறு. பேட்டரி தீரும், முன்னால் புல் வளர்ந்து மறைக்கும், கரடி தள்ளிவிட்டுப் போகும். யாரோ ஒரு வேட்டைத் தடுப்புக் காவலர் நடந்துதான் ஆக வேண்டும். நடுவழியான வைஃபை, உயரத்தில் கட்டிய கேமராவை இறக்காமல் பார்க்க உதவும். ஆனால் நேரில் போகும் வேலையை மிச்சப்படுத்தாது.

வந்த படங்களைப் பார்ப்பதற்கும் யார், எவ்வளவு நேரத்துக்குள் என்ற அதே கேள்விதான் பொருந்தும். 2022-இன் படங்களைப் படத்துக்கு ஒரு நொடி என்று ஒருவர் இடைவிடாமல் பார்த்தாலும் 545 நாள் ஆகும்; ஆயிரத்தில் இரண்டில்தான் புலி இருக்கும். தான்சானியாவின் செரங்கெட்டியில் 225 கேமராக்கள் எடுத்த படங்களில் சுமார் முக்கால் பங்கு வெற்றுப் படங்கள். பெரும்பாலும் காற்றில் ஆடிய புல். இவற்றைச் சலித்தெடுப்பதில் மென்பொருள் பெரிய உதவி. ஆனால், ஒரு காட்டில் பயிற்சி பெற்ற மென்பொருள் இன்னொரு காட்டில் தடுமாறும். ஓரிரு முறை மட்டுமே வரும் அரிய விலங்கையும் தவறவிடும். இந்தியக் கணக்கெடுப்பிலும் வரிகளை ஒப்பிட்டு ஒத்த படங்களைத் தேடித் தருவது மென்பொருள். ஆம் இல்லை என்று முடிவு சொல்வது மனிதக் கண்.

எவர் கண் என்பதும் இங்கே முக்கியம். உத்தராகண்டின் கார்பெட் காப்பகத்தையொட்டிய ஊர்களில் நடந்து 2024-இல் வெளியான ஆய்வு ஒன்று, விறகும் புல்லும் எடுக்கப் போகும் பெண்கள் கேமராவுக்கு அஞ்சித் தங்கள் பேச்சையும் பாட்டையும் அடக்கிக்கொள்வதைப் பதிவு செய்தது. காட்டில் ஒதுங்கிய ஒரு பெண்ணின் படம் சமூக ஊடகங்களில் பரவியதால், ஊரார் கேமராக்களை உடைத்த செய்தியும் அதில் உண்டு. வேட்டைக்காரரைப் பிடிக்க மனிதப் படங்கள் தேவை என்பார்கள், உண்மைதான். அதற்கென வைத்த கேமராவின் படம் விசாரிக்கும் அதிகாரிக்குப் போகட்டும். விலங்கை எண்ண வைத்த கேமராவில் மனிதர் விழுந்தால், அதைத் திறக்கும் முதல் மேசையிலேயே பிரித்துவிட வேண்டும். படம் பல செல்பேசிகளுக்கு ஒரே நேரத்தில் பறந்தால் அப்படி ஒரு முதல் மேசையே இருக்காது. ஆகவே, கேமரா வாங்கும் முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டியவை: யார் பார்ப்பார், எவ்வளவு நேரத்துக்குள் பார்ப்பார், பார்த்து என்ன செய்வார். இவற்றுக்கு விடை எழுத முடியாத இடத்தில் சிம்மும் வேண்டாம், கேமராவும் வேண்டாம்.

(அடுத்த வாரம்: வரிகளை வைத்துப் புலியை எண்ணுவது எப்படி?)