கசிந்த தரவும் கைக்கெட்டாத இழப்பீடும்: நுகர்வோர் நோக்கில் இந்தியத் தரவுப் பாதுகாப்புச் சட்டங்கள்

ஆய்வுச் சுருக்கம்

நுகர்வோர் ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்த தனிப்பட்ட தகவல்கள், அந்நிறுவனத்தின் கணினிப் பாதுகாப்புக் குறைபாட்டால் வெளியே கசியும்போது, அவருக்கு நேரும் இழப்பை ஈடுசெய்யும் வழி இந்தியச் சட்டத்தில் எங்குள்ளது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகிய மூன்றும் இங்கு ஒருசேர நோக்கப்படுகின்றன. புதிய சட்டம் தண்டத்தொகையை உயர்த்தி, இழப்பீட்டை நீக்கியுள்ள நிலையில், மாவட்ட நுகர்வோர் ஆணையமே சாமானியருக்கு எஞ்சும் வழி என்பது கட்டுரையின் கருத்து.

திறவுச் சொற்கள்: தரவுக் கசிவு, தனியுரிமை, இழப்பீடு, சேவைக் குறைபாடு, நுகர்வோர் ஆணையம்.

முன்னுரை

தூத்துக்குடி மாவட்டத்தில், உப்பளங்கள் சூழ அமைந்த பேரூர் ஆறுமுகநேரி. அவ்வூர்க் கடைத்தெருவில் சில ஆண்டுகளுக்கு முன் வறுகடலை வாங்கியபோது, பொட்டலம் மடித்த தாள் ஒரு கைபேசி இணைப்புக்கான விண்ணப்பப் படிவத்தின் நகலாக இருந்ததைக் கண்டேன். முன்பின் அறியாத ஒரு பெண்ணின் ஒளிப்படம், தந்தை பெயர், வீட்டு முகவரி, கையொப்பம் ஆகிய அனைத்தும் அதில் இருந்தன. கடலையைத் தின்றுவிட்டுத் தாளைக் கிழித்தெறிந்ததோடு அந்தக் கசிவு முடிந்துவிட்டது. கணினித் தரவுக் கசிவுக்கு அப்படியொரு முடிவு கிடையாது. ஒருமுறை வெளியேறிய கோப்பு எத்தனை படிகளாகப் பெருகியது, எவர் கையில் இருக்கிறது என்பதை அதை இழந்த நிறுவனமும் சொல்ல இயலாது. கடவுச்சொல்லையேனும் மாற்றிக்கொள்ளலாம், நோய்க்குறிப்பையும் விரல் ரேகையையும் மாற்றிக்கொள்ள முடியாது.

தனியுரிமை அரசமைப்பு வழங்கும் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்டு 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. உரிமை உண்டு என்பது அன்றே உறுதியாகிவிட்டது. அவ்வுரிமை மீறப்பட்டால் யார், யாருக்கு, எவ்வளவு தரவேண்டும் என்பதே இன்னும் தெளிவுபெறாத வினா.

2024: ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் தரவுக் கசிவு

இவ்வினாவின் கனத்தை உணர்த்தத் தமிழ்நாட்டிலேயே ஒரு நிகழ்வு உண்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் ஆவணங்கள், டெலிகிராம் செயலியில் இயங்கிய சாட்பாட்டுகள் வழியாக எவரும் பெறும் நிலையில் இருப்பதை 2024 செப்டம்பரில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் வெளிப்படுத்தியது. பெயர், தொலைபேசி எண், முகவரி ஆகியவற்றோடு அடையாள அட்டைப் படிகளும், மருத்துவப் பரிசோதனை முடிவுகளும், நோய்க் குறிப்புகளும் அவற்றில் இருந்தன. மூன்று கோடிக்கும் மேற்பட்டோரின் தரவு தன்னிடம் இருப்பதாகத் திருடியவர் உரிமை கோரினார். நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியது. அத்தரவை வெளியிடும் சாட்பாட்டுகளையும் இணையதளங்களையும் முடக்குமாறு நீதிமன்றம் இடைக்கால ஆணை பிறப்பித்தது. தன்னிடம் 68,000 டாலர் பிணைத்தொகை கேட்கப்பட்டதாக அக்டோபரில் நிறுவனம் தெரிவித்தது.

இந்நிகழ்வில் கவனத்துக்குரியது வழக்கின் அமைப்பு. வாதி, தரவை இழந்த நிறுவனம். எதிர்த்தரப்பில் டெலிகிராமும் திருடியவரும். தன் சிறுநீரகப் பரிசோதனை முடிவு ஊரறியக் கிடந்த காப்பீடுதாரர் அவ்வழக்கில் ஒரு தரப்பே அல்லர். சட்டம் அவரை எந்த இடத்தில் நிறுத்துகிறது என்பதைப் பார்க்க, சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

பழைய சட்டமும் பன்னிரண்டு ஆண்டு வழக்கும்

ஆறுமுகநேரி, காயல்பட்டினம் வட்டாரத்திலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்வது பல தலைமுறை வழக்கம். அவ்வாறு அபுதாபியில் பணியாற்றிய தமிழர் ஒருவர் தொடுத்த வழக்கே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் இழப்பீட்டுப் பகுதிக்கு இந்தியாவில் முன்னோடியானது. 2007 செப்டம்பரில், ஐசிஐசிஐ வங்கி அனுப்பியது போலத் தோன்றிய மின்னஞ்சலை நம்பி அவர் தம் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் அளித்தார், கணக்கிலிருந்து 6.46 லட்சம் ரூபாய் வேறொரு கணக்குக்கு மாற்றப்பட்டது. அதில் பெரும்பகுதி மும்பையிலுள்ள அதே வங்கியின் கிளையொன்றில் எடுக்கப்பட்டுவிட்டது.

கடவுச்சொல்லைக் கொடுத்தது வாடிக்கையாளரின் கவனக்குறைவு என்பது வங்கியின் வாதம். இன்றும் ஒவ்வொரு இணையவழி மோசடிக்குப் பின்னும் கேட்கப்படும் வாதம் அதுவே. ஆயினும், சட்டப்படி தீர்ப்பளிக்கும் அலுவலராக விளங்கிய தமிழ்நாட்டுத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலர், 2010 ஏப்ரலில் வேறு விதமாக முடிவு செய்தார். அனுமதியற்ற நுழைவைத் தடுக்க உரிய முன்னெச்சரிக்கை எடுத்ததை வங்கி நிறுவவில்லை எனக் கண்டு, 12.85 லட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டார். ஏமாந்தவரின் பிழையை மட்டும் அளக்காமல், ஏமாற்றத்துக்கு இடமளித்த அமைப்பின் பிழையையும் அளந்தது இவ்வாணையின் சிறப்பு.

ஆனால் வங்கி மேல்முறையீடு செய்தது. மேல்முறையீட்டை விசாரிக்கவேண்டிய இணையவெளி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கு 2011 நடுப்பகுதிக்குப் பின் தலைவரே நியமிக்கப்படவில்லை. 2017இல் அதன் பணி தொலைத்தொடர்புத் தகராறு தீர்ப்பாயத்திடம் ஒப்படைக்கப்பட்ட பிறகு, 2019இல்தான் ஆணை உறுதியாயிற்று. பணம் போனதிலிருந்து எண்ணினால் பன்னிரண்டு ஆண்டுகள். அதுவும் வாதாடத் தெரிந்த, பொருள்வசதி உள்ள ஒருவர் விடாது நின்றதனால். சட்டத்தில் இழப்பீடு இருந்தும் அதைத் தரவேண்டிய மன்றம் இல்லாதிருந்த காலம் அது.

இதனிடையே 2009 அக்டோபர் 27 முதல் 43அ என்ற பிரிவு நடைமுறைக்கு வந்தது. உணர்திறன் மிக்க தனிநபர் தரவைக் கையாளும் நிறுவனம், நியாயமான பாதுகாப்பு நடைமுறைகளைப் பின்பற்றாமல் அலட்சியம் காட்டி, அதனால் ஒருவருக்கு முறையற்ற இழப்பு நேருமானால் அவருக்கு இழப்பீடு தரவேண்டும் என்பது அதன் சாரம். தீர்ப்பளிக்கும் அலுவலர் 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கலாம். குறைகள் பல இருப்பினும், தரவுக் கசிவுக்கென்றே அமைந்த இழப்பீட்டுப் பிரிவு இஃதொன்றே.

புதிய சட்டம் எடுத்துக்கொண்டது

2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பல வகையில் முன்னேற்றமே. பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரையிலும், கசிவை அறிவிக்கத் தவறினால் 200 கோடி வரையிலும் தண்டத்தொகை விதிக்கலாம். கசிவைப் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தெரிவிக்கவேண்டும் என்ற கடமை இச்சட்டத்தால்தான் வருகிறது. அதற்கு முன், 2022 ஏப்ரல் 28 நாளிட்ட ஆணைப்படி நிறுவனங்கள் ஆறு மணி நேரத்துக்குள் தகவல் தரவேண்டியது ‘செர்ட்-இன்’ என்னும் ஒன்றிய அரசு அமைப்புக்கே; வாடிக்கையாளருக்கு அன்று.

இனி மறுபக்கம். விதிக்கப்படும் தண்டத்தொகை முழுவதும் இந்தியத் தொகுப்பு நிதியத்தில் சேரும் என்கிறது 34ஆம் பிரிவு. பாதிக்கப்பட்டவருக்கு ஒரு ரூபாய் வழங்கவும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கு அதிகாரமில்லை. 44ஆம் பிரிவின் 2ஆம் உட்பிரிவு, மேற்கண்ட 43அ பிரிவை நீக்கிவிடுகிறது. 39ஆம் பிரிவு, வாரியத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டவற்றில் உரிமையியல் நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்கிறது. மாறாக, பொய்யான அல்லது அற்பமான புகார் அளிப்பவர்மீது 10,000 ரூபாய் வரை தண்டம் விதிக்க இடமுண்டு. கசிவால் பணம் பெறும் ஒரே தரப்பு அரசு. பணம் கட்ட நேரக்கூடிய தரப்புகளில் புகார்தாரரும் ஒருவர்!

இவை ஒரே நாளில் நடைமுறைக்கு வரவில்லை. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. வாரியத்தின் அமைப்பும், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைத் திருத்தும் பகுதியும் உடனே நடைமுறைக்கு வந்தன. நிறுவனங்களின் கடமைகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம், அதாவது 2027 மே வரை, தரப்பட்டது. 43அ பிரிவின் நீக்கமும் அப்போதே நிகழும். நிறுவனங்களுக்கு அவகாசம் அளித்த சட்டம், தகவல் கேட்கும் குடிமகனின் உரிமையைச் சுருக்க அவகாசம் எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை என்பது இவ்விடத்தில் சொல்லாமல் விடக்கூடியதன்று.

மாவட்ட ஆணையத்தின் வாயில்

எஞ்சுவது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். நம்பிக்கையின்பேரில் நுகர்வோர் அளித்த தனிப்பட்ட தகவலைச் சட்டத்துக்குப் புறம்பாகப் பிறருக்கு வெளிப்படுத்துவது நியாயமற்ற வணிக நடைமுறை என்று 2(47) பிரிவு கூறுகிறது. ஆனால் ‘வெளிப்படுத்துவது’ என்பது நிறுவனம் தானே செய்யும் செயல். திருடப்பட்டதற்கு அது பொருந்தாது என்று எதிர்வாதம் எளிதாக எழும்.

ஆகவே சேவைக் குறைபாட்டை வரையறுக்கும் 2(11) பிரிவே வலுவான அடிப்படை என்பது என் கருத்து. நுகர்வோருக்கு இழப்போ ஊறோ விளைவிக்கும் அலட்சியத்தையும், உரிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் அப்பிரிவு குறைபாடு என்கிறது. பாதுகாப்பு ஓட்டையை அடைக்காமல் விட்டது முதல் வகை; கசிவு தெரிந்த பின்னும் வாடிக்கையாளரிடம் சொல்லாதிருப்பது இரண்டாம் வகை. இரண்டாவதை மெய்ப்பிக்கக் கணினி வல்லுநர் சாட்சியம் தேவையில்லை. எந்நாளில் நிறுவனம் அறிந்தது, எந்நாளில் வாடிக்கையாளருக்கு மடல் வந்தது என்ற இரு தேதிகள் போதும். மன உளைச்சலுக்கும் நுகர்வோர் ஆணையங்கள் இழப்பீடு வழங்கி வருவதால், நோய்க்குறிப்பின் கசிவுக்கு ரூபாய்க் கணக்கு காட்டவியலாதவரும் அங்குச் செல்லலாம்.

நுகர்வோர் ஆணையம் உரிமையியல் நீதிமன்றம் அன்று. 2019 சட்டம் பிற சட்டங்களுக்குக் கூடுதலானதே என்று அதன் 100ஆம் பிரிவு சொல்கிறது. எனவே 39ஆம் பிரிவின் தடை அதனைத் தொடாது என்றே கொள்ளலாம்.

நடைமுறை வசதிகளும் உண்டு. புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்கலாம் என்பதால், ஆறுமுகநேரிக்காரர் சென்னைக்கோ மும்பைக்கோ போகவேண்டியதில்லை. செலுத்திய கட்டணம் 5 லட்சம் ரூபாய்க்கு மிகாதவரை புகாருக்குக் கட்டணமில்லை. ஒரே பாதிப்புக்குள்ளான பலர் சார்பாக, ஆணையத்தின் அனுமதியோடு ஒருவரே புகார் அளிக்கவும் 35ஆம் பிரிவு இடந்தருகிறது. பிரீமியம் கட்டும் உப்பளத் தொழிலாளர் இருபதுபேர் சேர்ந்து வருவதற்கு இது போதும். இலவசமாகக் கிடைக்கும் செயலிகளின் பயனர்களுக்குத்தான் இவ்வாயில் திறப்பதில்லை. விலை கொடுக்காமல் பெறும் சேவை இச்சட்டத்தின் வரையறைக்கு வெளியே நிற்கிறது.

பெரிய தடை காலவரம்பு. வழக்கு மூலம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் அளிக்கவேண்டும் என்கிறது 69ஆம் பிரிவு. 2024 செப்டம்பர்ச் செய்தியை வழக்கு மூலமாகக் கொண்டால் அக்காலம் 2026 செப்டம்பரோடு முடிகிறது. கசிவைப் பாதிக்கப்பட்டவருக்கு அறிவிக்கும் கடமை நடைமுறைக்கு வருவதோ 2027 மே மாதம். தம் கோப்பு வெளியேறியதை எவரும் தெரிவிக்காத காப்பீடுதாரருக்கு வழக்கு மூலம் எழுந்தது கசிவு நடந்த நாளிலா, நாளிதழில் செய்தி வந்த நாளிலா, அவர் உண்மையில் அறிந்த நாளிலா? போதிய காரணம் காட்டினால் தாமதத்தைப் பொறுத்தருள ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. நிறுவனத்தின் மௌனம் அத்தகைய காரணமாகுமா என்பதே அவ்வாணையத்தின் முன் முதலில் வைக்கப்படவேண்டிய கேள்வி.