ஒரே வீட்டிலிருந்து ஆறு வீரர்கள்!

ஒரு வீட்டில் ஒருவர் விளையாட்டில் ஜெயித்தாலே ஊரெல்லாம் பேச்சாக இருக்கும். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், கொலம்பஸ் நகரத்து நெஸ்ஸர் குடும்பத்திலிருந்து ஆறு சகோதரர்கள் ஒரே அணிக்காகக் களம் இறங்கினார்கள். ஜான், ஃபில், டெட், ஃபிரெட், ஃபிராங்க், ஆல் என்ற அந்த ஆறு பேரும் ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறிய தம்பதியின் பிள்ளைகள்.

அவர்கள் ஆடியது நாம் பார்க்கும் கால்பந்து அல்ல; அமெரிக்கன் ஃபுட்பால். பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஒருவர் ஓடுவார். எதிரணியினர் மோதி அவரைக் கீழே சாய்ப்பார்கள். உடம்பில் தெம்பு இல்லாவிட்டால் அங்கே வேலை இல்லை.

தெம்புக்கு இவர்களிடம் குறைவில்லை. பென்சில்வேனியா ரயில்வேயின் பட்டறையில் பாய்லர் வேலை செய்தவர்கள் ஆயிற்றே! அந்த ரயில்வேயின் ‘பான்ஹேண்டில்’ பிரிவின் பெயரே அணிக்கும் வந்தது: கொலம்பஸ் பான்ஹேண்டில்ஸ். மதியச் சாப்பாட்டு இடைவேளையில்தான் பயிற்சி.

1907-ல் அணியைச் சீரமைத்தவர் ஜோ கார். அதே ரயில்வேயில் வேலை பார்த்தவர். ஊழியர்களுக்கு ரயில் பாஸ் உண்டு என்பதால் வெளியூர் போக டிக்கெட் செலவில்லை. சொந்த மைதானச் செலவும் வேண்டாம் என்று பெரும்பாலும் வெளியூரிலேயே ஆடினார்கள். ‘ஆறு சகோதரர்கள் வருகிறார்கள்’ என்றால் போதும், கூட்டம் தானாக வந்தது. ஞாயிறன்று ஆட்டம்; திங்களன்று மீண்டும் பட்டறை.

டெட் வீரர் மட்டுமல்ல, பயிற்சியாளரும்கூட. வெளியே நின்று விரலை நீட்டிச் சொல்லிக்கொடுப்பவர் அல்ல. தானும் உள்ளே இறங்கி அடி வாங்குபவர். மூத்தவரான ஜான், தன் தம்பியின் சொல்லைக் கேட்டு விளையாடினார். அண்ணன் தம்பிகள் உள்ள வீட்டில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டுமா?

1920-ல் தொழில்முறை லீக் பிறந்தது. இன்றைய என்.எஃப்.எல்.லின் ஆரம்பம் அது. அக்டோபர் 3 அன்று டேட்டன் நகரில் பான்ஹேண்டில்ஸ் 14-0 என்று தோற்றது. லீக்கைச் சேர்ந்த இரு அணிகள் மோதிய முதல் ஆட்டங்களில் ஒன்றாக அது இன்றும் பேசப்படுகிறது. அடுத்த ஆண்டு டெட்டின் மகன் சார்லியும் அணியில் சேர்ந்தார். அப்பாவும் மகனும் ஒரே அணியில் ஆடியது என்.எஃப்.எல். வரலாற்றில் அந்த ஒருமுறைதான். பெரியப்பா ஜானுக்கு அப்போது நாற்பது வயதுக்கு மேல்!

அதே 1921-ல் ஜோ கார் லீக்கின் தலைவரானார். 1939-ல் இறக்கும்வரை அந்தப் பதவியில் இருந்தார். பெரிய நகரங்களும் கல்லூரி நட்சத்திரங்களும் வந்தால்தான் லீக் பிழைக்கும் என்று நம்பினார். அப்படியே நடந்தது. பிழைக்காமல் போனது, அவர் வளர்த்த பட்டறை அணிதான். 1922-க்குப் பிறகு பான்ஹேண்டில்ஸ் என்ற பெயர் லீக்கில் இல்லை. ஆறு பேரில் இளையவரான ஆல் மட்டும் வேறு அணிகளில் 1931 வரை ஆடினார். 1927-ல் சாம்பியனான நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியிலும் இருந்தார்.

ஓஹையோவின் கேன்டன் நகரில் இந்த விளையாட்டின் புகழ்மண்டபம் 1963-ல் திறக்கப்பட்டபோது, முதல் வரிசையிலேயே ஜோ கார் இடம்பெற்றார். கூட்டம் சேர்த்துக்கொடுத்த நெஸ்ஸர் சகோதரர்களில் ஒருவருக்கும் அங்கே இடம் கிடைக்கவில்லை.