எத்தியோப்பியாவில் வெடித்த எரிமலை... ஆம்பூரில் தூங்காத ஒரு வீடு!

எங்கள் எதிர்வீட்டு நன்னிமா உம்ரா முடித்துவிட்டு ஜித்தாவிலிருந்து திரும்ப வேண்டிய நாள் 2025 நவம்பர் 25. அழைத்து வர, சென்னை ஏர்போர்ட்டுக்கு வண்டியெல்லாம் பேசியாகிவிட்டது. முந்தைய நாள் ராத்திரி நன்னிமாவின் மகன் செல்போனில் ஒரு குறுஞ்செய்தி. விமானம் ரத்து. காரணம், எரிமலைச் சாம்பல்.

``எரிமலையா? ஏதோ சாக்கு சொல்றானுங்கப்பா'' என்றார் அவர். ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன் வேலை. அவரது கோபத்துக்குக் காரணம் இருந்தது. நன்னிமாவுக்கு சுகர். கையில் இருந்த இன்சுலின் இன்னும் இரண்டு நாளைக்குத்தான் வரும். அன்று அந்த வீட்டில் யாரும் தூங்கவில்லை.

``நீதான் பத்திரிகையில இருக்கியே, என்னன்னு பாரேன்'' என்றார். பார்த்தேன். அது சாக்கு இல்லை!

நேர் மேற்கே ஒரு மலை

எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியில் இருக்கிறது ஹைலி குப்பி எரிமலை. வரைபடத்தில் ஆம்பூரிலிருந்து ஏறக்குறைய நேர் மேற்கே கோடு போட்டால் அங்கே போய் முட்டும். தூரம் 4,000 கிலோமீட்டருக்கு மேல். பல ஆயிரம் ஆண்டுகளாக வெடித்ததற்கான பதிவே இல்லாத அந்த மலை, நவம்பர் 23 ஞாயிறு காலை வெடித்தது. சாம்பல் சுமார் 14 கிலோமீட்டர் உயரத்துக்கு எழும்பியது. செங்கடலைத் தாண்டி, ஏமன், ஓமன் வழியாக, மறுநாள் இரவு டெல்லி வானத்துக்கே வந்துவிட்டது. ஏர் இந்தியா, ஆகாசா உள்ளிட்ட நிறுவனங்கள் விமானங்களை ரத்து செய்தன.

நமக்குத் தெரிந்த சாம்பல் அடுப்புச் சாம்பல்தான். எரிமலைச் சாம்பல் வேறு. அது பொடியான பாறையும் கண்ணாடியும். ஜெட் இன்ஜினின் சூட்டில் உருகி, உள்ளே பாகு மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஈரம் இல்லாததால் விமானத்தின் வானிலை ரேடாரிலும் சரியாகத் தெரியாது.

1982 ஜூன் 24-ம் தேதி இரவு, இந்தோனேசியாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் தெரியாமல் நுழைந்தது. நான்கு இன்ஜின்களும் நின்றுபோயின. கீழே இறங்கி, சாம்பலைவிட்டு வெளியே வந்த பிறகுதான் இன்ஜின்கள் மறுபடி இயங்கின. ஜகார்த்தாவில் பத்திரமாகத் தரையிறங்கினார்கள்.

இதை நான் சொல்லி முடித்ததும் நன்னிமாவின் மகன் கொஞ்ச நேரம் பேசவில்லை. ``அப்போ அம்மா ஏறாததே நல்லது'' என்றார்.

சென்னையில் பச்சை சூரியன்!

எரிமலையை இப்படித் தூரத்திலிருந்து பார்ப்பது நமக்குப் புதிதில்லை. 1883 ஆகஸ்ட் 26, 27 தேதிகளில் இந்தோனேசியாவின் கிரகடோவா வெடித்தது. 36,000 பேருக்கு மேல் இறந்தார்கள். சத்தம் 4,800 கிலோமீட்டர் தள்ளியிருந்த ரோட்ரிக்ஸ் தீவு வரை கேட்டது. அதன் தூசு மேற்கு நோக்கிக் கிளம்பி, சுமார் இரண்டு வாரத்தில் பூமியையே ஒரு சுற்று சுற்றியது.

செப்டம்பர் இரண்டாவது வாரம், சென்னையிலும் இலங்கையிலும் சூரியன் பச்சையாகத் தெரிந்தது! அப்போது சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த சார்லஸ் மிச்சி ஸ்மித், நிறமாலைமானியை எடுத்து அந்தச் சூரிய ஒளியை அலசி, கட்டுரையாக எழுதினார். லண்டன் ராயல் சொசைட்டி உலகம் முழுக்க இப்படிக் கிடைத்த தகவல்களைத் திரட்டி, 1888-ல் பெரிய அறிக்கையே வெளியிட்டது.

அன்று வானத்தைப் பார்த்தவர்களுக்கு, தங்கள் தலைக்கு மேல் இருப்பது கடல் தாண்டி வந்த எரிமலைத் தூசு என்று உடனே தெரியாது. இன்று செயற்கைக்கோள்கள் பார்க்கின்றன. எரிமலைச் சாம்பலைக் கண்காணிக்க உலகில் ஒன்பது மையங்கள் இருக்கின்றன. ஹைலி குப்பியின் சாம்பலைப் பின்தொடர்ந்தது பிரான்சின் துலூஸ் நகரில் உள்ள மையம். அங்கிருந்து வந்த எச்சரிக்கைதான் ஆம்பூர் செல்போனில் `ரத்து' என்று ஒலித்தது.

நம்ம ஊர் மலையிலும் ஒரு தொடர்ச்சி

பச்சை சூரியனை ஆராய்ந்த அதே மிச்சி ஸ்மித்தான், பிறகு கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தின் முதல் இயக்குநர். அந்த ஆய்வகத்தின் கிளையாக 1960-களின் கடைசியில் வைணு பாப்பு தொடங்கியது, நம் ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூர் வானாய்வகம். வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாகப் போகலாம். சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிப்பது வழக்கம். விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

எரிமலையையே பார்க்க வேண்டுமா? இந்தியாவில் இன்றும் குமுறும் ஒரே எரிமலை, அந்தமானின் பாரன் தீவு. போர்ட் பிளேரிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர். 2025 செப்டம்பரில்கூட இரண்டு முறை லேசாக வெடித்தது. ஆள் இல்லாத தீவு. கப்பலில் இருந்தபடி தூரத்திலிருந்துதான் பார்க்க முடியும். எரிமலைக்கு அதுதான் மரியாதை!

பேரீச்சம்பழமும் ஒரு கேள்வியும்

நன்னிமா இரண்டு நாள் தாமதமாக வந்து சேர்ந்தார். கூட வந்த ஒரு குடும்பம் ஜித்தாவில் மருந்துக்கடை தேடி இன்சுலின் வாங்கிக் கொடுத்திருக்கிறது. பேரீச்சம்பழமும் ஜம்ஜம் தண்ணீரும் கொடுத்துவிட்டு, ``அந்த மலை வெடிச்ச ஊர்ல ஜனங்க எப்படி இருக்காங்க கண்ணு?'' என்று கேட்டார்.

அதுவரை நாங்கள் யாரும் கேட்காத கேள்வி அது. சுற்றுவட்டாரக் கிராமங்களைச் சாம்பல் மூடிவிட்டது, ஆடு மாடு மேய்த்துப் பிழைக்கும் ஜனங்கள், மேய்ச்சலுக்குப் புல் இல்லை என்று செய்தியில் படித்ததைச் சொன்னேன்.

ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் சோறு போடும் ஊர் எங்களுடையது. ஒரு வாயில்லா ஜீவனுக்குத் தீவனம் இல்லை என்றால் என்ன அர்த்தம் என்று நன்னிமாவுக்கு விளக்கத் தேவையில்லை. ``யா அல்லாஹ்'' என்றபடி மேற்கே திரும்பிப் பார்த்தார். மலைகளுக்குப் பின்னால் சூரியன் எப்போதும்போல சிவப்பாக இறங்கிக்கொண்டிருந்தது.