காதுக்குக் கேட்காத சல்லடை

பூங்காவில் சீசா ஆடியிருப்பீர்கள். ஒரு முனை மேலே போனால் மறுமுனை கீழே வரும். நட்டநடுவில் ஓர் எறும்பு உட்கார்ந்திருந்தால்? அதற்கு ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. அந்த எறும்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதய அறுவை சிகிச்சையின்போது நெஞ்சுக்குள் இரத்தம் வடிந்து தேங்கும். அதை வீணாக்காமல் உறிஞ்சியெடுத்து நோயாளிக்கே திரும்ப ஏற்றலாம். ஆனால் அதில் பொடிப்பொடியாகக் கொழுப்புத் துளிகள் கலந்திருக்கும். அவை மூளையின் மெல்லிய நாளங்களை அடைத்துவிட்டால் ஆபத்து. வடிகட்டிவிடலாமே என்கிறீர்களா? கொழுப்பு நெளிந்து வளைந்து நழுவிவிடும் ஆசாமி!

ஸ்வீடனில் லுண்ட் பல்கலைக்கழகத்தின் தாமஸ் லாரெல் குழுவினர் இந்த வேலையை ஒலியிடம் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுடைய ஆய்வு 2004-இல் வெளிவந்தது. சிலிக்கான் சில்லில் மில்லிமீட்டரில் பாதிகூட அகலமில்லாத ஒரு வாய்க்கால். அதன் அடியில் ஒரு பீசோ தகடு. மின்சாரம் திசை மாறி மாறிப் பாய்ந்தால் இந்தத் தகடு விரிந்து சுருங்கி நடுங்கும், நொடிக்குச் சுமார் 20 லட்சம் முறை! நம் காதுக்கு 20,000-க்கு மேல் கேட்காது. அதனால் பக்கத்தில் நின்றாலும் நிசப்தம்தான்.

ஏன் 20 லட்சம்? கணக்குப் போடுவோம். தண்ணீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும். அதை 20 லட்சத்தால் வகுத்தால் ஓர் அலையின் நீளம் 0.75 மி.மீ. வாய்க்காலின் அகலம் அதில் பாதி இருந்தால், பாதி அலை இரு சுவர்களுக்கு நடுவே கச்சிதமாகப் பொருந்தி நின்று ஆடும். இடச் சுவரில் அழுத்தம் ஏறும்போது வலச் சுவரில் இறங்கும். சீசாவேதான்! நடுக்கோட்டில் மட்டும் மாற்றமே இல்லை.

சுற்றியுள்ள திரவத்தைவிடக் கனமான, எளிதில் அமுங்காத சிவப்பணுக்களை ஒலி அந்த நடுக்கோட்டுக்குத் தள்ளுகிறது, நம் எறும்பின் இடத்துக்கு. லேசான, எளிதில் அமுங்கும் கொழுப்போ சுவரோரம் ஒதுங்குகிறது. வாய்க்கால் முடிவில் மூன்று கிளைகள்: நடுக்கிளையில் இரத்த அணுக்கள், ஓரக்கிளைகளில் கொழுப்பு. யார் கையும் படவில்லை.

இன்னொரு வேடிக்கை. ஒரே பொருளாலான இரண்டு உருண்டைகளில் ஒன்றின் விட்டம் மற்றதைப்போல் இரண்டு மடங்கு என்றால், அதன்மீது ஒலியின் தள்ளல் 8 மடங்கு. திரவத்தின் தடையோ 2 மடங்குதான். ஆகவே பெரியது 4 மடங்கு வேகத்தில் நடுக்கோட்டை எட்டிவிடும். இரத்தத்தில் ஒளிந்து திரியும் புற்றுநோய்ச் செல்கள் பெரும்பாலும் மற்ற அணுக்களைவிடப் பெரியவை. இந்த ஓட்டப்பந்தயத்தில் அவை முந்தும்போதே பிடித்துவிட ஆய்வாளர்கள் முயல்கிறார்கள்.